பிக்ஹார்ன் சிலுப்பும் வரை

குலுக்கல் என்பது எங்களுக்குப் புதிதல்ல. இந்த நாட்டுக்குள் நாங்கள் வந்து சேர்ந்ததே குலுக்கலில்தான். கம்பெனி விண்ணப்பம் போடும், அரசாங்கம் உருட்டும், பெயர் விழுந்தால் விமானம், விழாவிட்டால் அடுத்த வருடம். அதனால் டெக்சாஸில் பிக்ஹார்ன் என்னும் காட்டு மலையாட்டை வேட்டையாடவும் குலுக்கல்தான் என்று நண்பன் சொன்னபோது நான் அசரவில்லை. ஆட்டுக்கும் ஒரு விசா போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நண்பனும் நானும் ஈரோட்டுப் பக்கம். இங்கே பிளானோ நகரில் அடுத்தடுத்த தெரு. ஒரு விடுமுறையில் மேற்கு டெக்சாஸின் பாலைவன மலைகளில், கன்னத்தைச் சுற்றி வளைந்த கொம்போடு ஒரு கிடா பாறை விளிம்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். அன்று பிடித்தது பைத்தியம். மாநிலம் முழுவதற்கும் வருடத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அனுமதி. அவன் வருடாவருடம் விண்ணப்பித்தான். இடையில் அவனுக்கு கிரீன் கார்டே வந்துவிட்டது, ஆடு வரவில்லை.

ஒரு வருடம், யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டும் நேரத்தில் என் போனைப் பிடுங்கினான்.

"உம் பேரையும் போடறேன்டா. ரெண்டு பேரா இருந்தா சான்ஸ் ஜாஸ்தி."

"வந்துருச்சுன்னா நான் என்னடா பண்றது?"

"வராது. பயப்படாதே."

வந்துவிட்டது. எனக்கு.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாப்ள? உனக்கு மாத்திக் குடுத்தர்றேன்டா."

"அதெல்லாம் மாத்த முடியாது. யாரு பேரோ, அவந்தான் சுடணும்." பிறகு, "திரும்ப வராதுடா இது. வீணாக்கிடாதே. நான் கூட வர்றேன்" என்றான். அவன் சொன்ன விதத்தில், ஆட்டைவிட நான்தான் தப்பித்து ஓடக்கூடாது என்பது தெளிவாக இருந்தது.

என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். மாலில் கண்ணாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்கமாட்டேன். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுவேன். அனுமதி கிடைத்த செய்தியை நான் சாப்பாட்டு மேசையில் கம்பீரமாக அறிவித்தபோது மகள் தட்டிலிருந்து தலையே தூக்காமல், "அப்பா, யூ ஆர் ஸ்கேர்ட் ஆஃப் எஸ்கலேட்டர்ஸ்" என்றாள். மனைவி மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினாள். "விடுடி, ஆடு எஸ்கலேட்டர்லயா நிக்கப்போவுது?"

அடுத்த சில மாதங்கள் நண்பன் என்னைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு இழுத்துப்போனான். காகித இலக்கை நான் நன்றாகவே சுட்டேன் என்பதுதான் ஆச்சரியம். காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது, அதனால் இருக்கலாம்.

புறப்பட்டோம். நாங்கள் இருவர், கூட பாய். ராமநாதபுரத்துக்காரர், பிளானோவில் மளிகையும் இறைச்சியும் விற்கிறார். கூடாரத்தில் சமைத்துப்போட வந்தார். பகல் முழுக்க மேற்கே ஓட்டிக்கொண்டே இருந்தோம். வழி முழுக்க பாய் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஏன் தம்பி, நம்ம கடைக்கு வந்தா நின்ன நிலையில வெட்டித் தர்றேன். நல்லி எலும்பும் சேர்த்து. இதுக்கு எதுக்கு மலை ஏறணும்?"

"பாய், இது மட்டன் மேட்டர் இல்ல" என்றான் நண்பன்.

"பின்ன என்ன மேட்டர்?"

நண்பன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் வெந்த முகம், பெரிய தொப்பி, மிகக் குறைவான பேச்சு. நண்பனைப் பார்த்ததும் கைகுலுக்கி, நீங்கள்தான் வேட்டைக்காரரா என்றாள். நான் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தினேன். அவள் என்னை, என் புத்தம்புதுப் பூட்ஸை, அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த விலைச்சீட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

மறுநாள் விடியலில் ஏறத் தொடங்கினோம். பாய் மூட்டுவலியைக் காரணம் காட்டி கூடாரத்திலேயே தங்கிவிட்டார். பாலைவன மலையில் மரம் கிடையாது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால் முள் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வானம். வானத்தின் பக்கம் பார்க்கக்கூடாது என்று நண்பனின் பூட்ஸ் குதிகாலையே பார்த்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் பாதை குறுகி ஒரு முழ அகலமானது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.

"என்னடா பண்றே?"

"கடக்கறேன்."

"எந்திரிச்சு நடடா. அந்தம்மா பாக்குது."

"அந்தம்மாவுக்கு நான் எந்திரிச்சு விழுறதவிட, உக்காந்து வர்றது வசதி."

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, அது நல்ல முறைதான், சத்தம் குறைவு என்றாள். அதன்பிறகு மிச்ச மலையையும் தொழில்நுட்பத்தோடு கடப்பவனின் மிடுக்கோடு, பின்பக்கத்தாலேயே கடந்தேன்.

பத்து மணி வாக்கில் அவள் சட்டென்று தரையோடு தரையாகப் படுத்தாள். நாங்களும் படுத்தோம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம், பாறைத் திட்டில், அது. பைனாகுலரில் பார்த்த நண்பனின் வாய் லேசாகத் திறந்தது. வருடக்கணக்காகக் கம்ப்யூட்டர் திரையில் படமாக வைத்திருந்த கிடா, உயிரோடு, பக்கவாட்டில், காலண்டருக்கு நிற்பது போல நின்றது.

ரைஃபிளை என் முன்னால் வைத்தார்கள். ஸ்கோப்பில் கண் வைத்தேன். கையில் இருந்த ஸ்மார்ட் வாட்ச் என் நாடி எகிறியதைப் பார்த்து, நீங்கள் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டது. நான் படுத்திருந்தேன்.

நீங்கள் தயாரானதும் சுடலாம் என்று வழிகாட்டி காதருகில் சொன்னாள்.

நான் தயார்தான். விரல்கூட விசையில் இருந்தது. ஆனால் ஸ்கோப்பில் தெரிந்த முகம் பிக்ஹார்ன் முகம் அல்ல. கிடா முகம். எங்கள் குலதெய்வக் கோயிலில் வெட்டும் கிடாவின் அதே மஞ்சள் கண், அதே அலட்சியம். அங்கே ஒரு சட்டம் உண்டு. கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். சிலுப்பாமல் நின்றால் எவனும் அரிவாளைத் தொடக்கூடாது. சில கிடாக்கள் பிடிவாதமாக நிற்கும். மொத்தப் பங்காளிகளும் கையைக் கட்டிக்கொண்டு அதனிடம் கெஞ்சுவார்கள்.

"சுடுடா" என்று கிசுகிசுத்தான் நண்பன்.

"சிலுப்பல."

"என்னது?"

"இன்னும் சிலுப்பலடா."

அவன் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இங்கே விவரித்தால் இந்தக் கட்டுரை அச்சேறாது.

"டேய். இது டெக்சாஸ் கெடா. இதுக்கு யாருடா மஞ்சத்தண்ணி தெளிச்சது?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

என்ன பிரச்சினை என்று வழிகாட்டி கேட்டாள். நண்பன் பல்லைக் கடித்தபடி, என் நண்பர் பிரார்த்தனை செய்கிறார் என்றான். டெக்சாஸ்காரர்களிடம் இது செல்லும். அவள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்தாள். எனக்கு இன்னும் பதற்றமாகிவிட்டது. இப்போது பிரார்த்தனை வேறு செய்தாக வேண்டும்.

அப்போது எதிரே ஏதோ அசைந்தது. வியர்வை கண்ணில் இறங்கியதில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சிலுப்பிருச்சு!" என்றான் நண்பன். "சிலுப்பிருச்சுடா, சுடு!"

கோயிலிலும் இது நடக்கும். பந்திக்கு நேரமாகிவிட்டால் யாராவது ஒரு மாமா, ஈ உட்கார்ந்து தோல் துடித்ததையே காட்டி, உத்தரவாயிருச்சு என்று கத்துவார். அதனால் கேட்டேன்.

"ஆத்தா மேல சத்தியமா?"

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் விசையை அழுத்தியிருப்பேன். இத்தனை வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த கிடா எதிரே நின்றது. எங்கள் பெயர் இனிமேல் குலுக்கலில் விழப்போவதில்லை. அவன் பைனாகுலர் கயிற்றை விரலில் சுற்றினான்.

"இல்ல" என்றான் கடைசியில். "காதத்தான் ஆட்டுச்சு."

கிடா இரண்டடி நகர்ந்தது. முன்னங்காலை மடக்கிப் பாறைக்குப் பின்னால் படுத்துவிட்டது. கொம்பின் வளைவு மட்டும் தெரிந்தது. அது எழுந்தால்தான் இனிச் சுட முடியும், எழுந்து அந்தப் பக்கம் போனால் போனதுதான் என்று வழிகாட்டி சொல்லிவிட்டு, பாய் கட்டிக்கொடுத்த புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வெயில் ஏறியது. நண்பன் புளிசாதத்தைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்து அவன் சாப்பாட்டை ஒதுக்கியது தூதரக நேர்காணல் அன்றுதான்.

"கோவமாடா?"

"பேசாதே."

"உன்னை மாதிரி ஆளுக்கு வந்திருக்கணும்டா இது."

"ஆமா, வந்திருக்கணும்." கல் ஒன்றை எடுத்து, எறியாமல், மறுபடி வைத்தான். "இப்ப அந்த இடத்துல நான் படுத்திருந்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சுட்டிருப்பேன். நீ சொல்ற வரைக்கும் அது ஞாபகமே வரல. சொல்லித் தொலைச்சுட்டே. இப்ப என்னாலயும் சுட முடியாது."

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, சாபம் என்று எடுத்துக்கொள்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் கை என் தோளில் விழுந்தது. அழுத்திப் பிடித்தது.

கிடா எழுந்திருந்தது. கால் தவிர மொத்த உடம்பும் பாறைக்கு மேலே தெரிந்தது. நின்றது. பிறகு கொம்பிலிருந்து தொடங்கி, கழுத்து, முதுகு, பின்தொடை, வால் என்று மொத்த உடம்பையும் ஒரே உதறாக உதறியது. படுத்திருந்த புழுதி எல்லாம் வெயிலில் எழும்பி அதைச் சுற்றி நின்றது. எந்தப் பந்தியின் அவசரமும் இல்லாமல், எந்த மாமாவின் சாட்சியும் தேவைப்படாமல், அப்படி ஒரு சிலுப்பலை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

நண்பன் என் தோளிலிருந்து கையை எடுத்தான்.

விசையை அழுத்தியது எனக்கு நினைவில்லை. சத்தம் பள்ளத்தாக்கில் சுற்றிச் சுற்றி வந்தது நினைவிருக்கிறது. வழிகாட்டி என் முதுகில் தட்டி, அருமையான பிரார்த்தனை என்றாள். நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். புழுதி என்றான்.

எதிர்ப்புறம் போய்ச் சேரவே மதியம் தாண்டிவிட்டது. நண்பனும் வழிகாட்டியும் கத்தியோடு வேலை செய்தபோது நான் போனை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடினேன். அந்த மலையில் சிக்னல் இல்லை என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். கறியைப் பிரித்து வழிகாட்டியும் நானும் சுமந்தோம். கொம்போடு தலையை நண்பன் தன் முதுகுப்பையில் வைத்துக் கட்டினான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

இறங்கினோம். அவன் முன்னால், நான் பின்னால். கட்டியிருந்த விதத்தில் கிடா பின்பக்கம் பார்த்தபடி இருந்தது. அதாவது என்னை. உட்கார்ந்து உட்கார்ந்து நான் இறங்குவதை அது வழி முழுக்க பார்த்துக்கொண்டே வந்தது.

பாதி மலையில் நண்பன் நின்றான். சுமை தோளை அறுத்திருக்க வேண்டும்; முகம் சிவந்திருந்தது.

"உம் பேர்ல வந்த கெடாடா. கொஞ்ச தூரம் நீ தூக்கறியா?"

கேட்டானே தவிர, பையின் பட்டைகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"என்னால ஆகாதுடா. இடுப்பு புடிச்சிருக்கு."

"அப்பச் சரி" என்றான். நான் மனம் மாறிவிடுவதற்குள் என்பதுபோல அவசரமாகத் திரும்பி, சரிவில் வேகவேகமாக இறங்கிப் போனான்.