பானையில் கிடந்த வெள்ளை அரிசி

மலையாள நாட்டோடு இருந்த எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. என் கணவர் சபையில் உபதேசியார். போதகர் வராத வாரங்களில் ஜெபம் நடத்துவார், சுகமில்லாதவர்களை வீடு வீடாகப் போய் விசாரிப்பார். அதனால் நான் ஊருக்கே 'உபதேசியாரம்மா'. அந்தப் பெயரில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்? "நாம நடக்கியதப் பாத்தாக்கும் ஊருக்காரங்க கர்த்தர மதிக்கியது" என்று அவர் அடிக்கடி சொல்வார். நான் நன்றாகத்தானே நடக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவோம். பிடியரிசி என்று பேர். மாதக் கடைசி ஞாயிறன்று அதைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். பானை நிறைய நிறைய எனக்குப் பெருமையும் நிறையும்.

பக்கத்து வீட்டில் ஓர் இந்துக் குடும்பம். வீட்டுப்பேச்சு மலையாளம், எங்களோடு தமிழ். அந்த வீட்டுக்காரியின் சின்ன மகள் முந்தின வருடம் வலிப்பு வந்து கிடந்தபோது என் கணவர் போய் ஜெபித்தார். பிள்ளை தேறிவிட்டது. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் கையில் ஒரு பிடி அரிசியோடு வருவாள். "சேச்சி, பானைய எடுங்க. எங்க வகையா ஒரு பிடி" என்று போட்டுவிட்டுப் போவாள். நானும் அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் போராட்டம் முற்றியது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊர்வலத்தில் நடந்த அடிதடியில் என் தம்பிக்குக் கை முறிந்தது. மலையாளம் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைகள் அடைத்துக் கிடந்தன, பஸ் ஓடவில்லை. திருவனந்தபுரத்தில் ஹோட்டல் வேலைக்குப் போன அவள் கணவன் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"சேச்சி, மோளுக்கு மூணு நாளா காய்ச்சலாக்கும். கஞ்சி வெக்க ரெண்டு பிடி அரிசி உண்டா? கடை தொறந்ததும் தாறேன்."

எங்கள் வீட்டு அரிசியும் தீர்ந்திருந்தது, அது உண்மை. ஆனால் பிடியரிசிப் பானை கழுத்துவரை நிறைந்து அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

"நாங்களே மரச்சீனிக் கெழங்கு அவிச்சுத் தின்னுட்டாக்கும் கெடக்கியோம். பானையில உள்ளது கர்த்தருக்குள்ளது, அதுல கை வெக்கப்பிடாது. ஒங்க ஆளுவகிட்டப் போயி கேளு."

கர்த்தரை எதற்கு இழுத்தேன்? கடைசியில் சொன்னதுதான் என் மனதில் இருந்தது. அவளுக்கும் அது புரிந்தது. "சாரமில்ல சேச்சி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறே மாதக் கடைசி. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் கோயிலுக்கு நடந்தேன். அரிசியை அளக்கப் பாயில் கொட்டினார்கள். எங்கள் வீட்டு அரிசி சிவப்பு. அதற்கு நடுவே அங்கங்கே வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. அவள் போட்ட ரேஷன் அரிசி!

அடிப் பாவி, அவள் பிள்ளைக்கு அவள் அரிசியையே இல்லை என்றாயே என்று என்னையே ஏசிக்கொண்டேன். அவளோ, நான் போட்டதையாவது கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கணவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த அரிசியில் இரண்டு நாழி வாங்கி என் மடியில் போட்டு, "ஓடு" என்றார். ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. பஸ் இல்லாததால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கள்ளிக்காட்டில் இருக்கும் தாய்வீட்டுக்கு வெள்ளிக்கிழமையே நடந்து போய்விட்டாளாம். காய்ச்சல் பிள்ளையோடு அத்தனை தூரம்! அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் ஜெபித்த ஜெபம் எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். பிள்ளை மெலிந்துபோயிருந்தது, ஆனால் ஓடி விளையாடியது. நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அந்தச் சனிக்கிழமை அவளே வந்தாள், மூடிய கையோடு.

"சேச்சி, பானைய எடுங்க."

எடுத்து நீட்டினேன். அவள் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அப்போதும் மன்னிப்புக் கேட்காமலே பானையை உள்ளே கொண்டுபோனேன். ஆறு மாதத்தில் கணவனோடு திருவனந்தபுரத்துக்கே குடிபோய்விட்டார்கள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை.

இப்போதும் பிடியரிசி எடுத்து வைக்கிறேன்; யார் பசி என்று வந்து நின்றாலும் முதலில் அந்தப் பானையைத்தான் திறக்கிறேன். ஆனால் கர்த்தரை ஊருக்கு நடந்து காட்ட வேண்டிய நான் பானையை மூடி வைத்துக்கொண்டு நிற்க, அவர் பேரைக்கூடச் சொல்லாத அவள் நடந்து காட்டிவிட்டுப் போனாளே, அவளிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு மன்னிப்பு இன்னும் கடனாகவே நிற்கிறது.