மணி அடித்தால் ஆள் இருக்கிறார்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கு ஊரில் நல்ல பேர் கிடைக்காது. லைன் கிடைத்தால் போன் நல்லது, கிடைக்காவிட்டால் ஆபரேட்டர் கெட்டவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வசவு வாங்கிய அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒட்டுக் கேட்கிறவள்

பாகூர்ப் பக்கத்து எங்கள் எக்ஸ்சேஞ்சில் யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். "டாக்டர் வூடு குடும்மா" என்பார்கள். டாக்டர் தனிக்கட்டை. எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஆளில்லாத வீட்டுக்கு நான் மணி அடிக்கவே மாட்டேன். அவர் போன ஊர் போஸ்ட் ஆபீசுக்கு லைன் போட்டு, ஆளை அனுப்பி வரவழைப்பேன். அப்படிச் செய்யச் சொல்லி எந்த ரூலும் இல்லை.

ரைஸ் மில் கோதண்டத்துக்கு மட்டும் என்னைக் கண்டாலே ஆகாது. அவர் நெல் விலை பேசுவதை ஒட்டுக் கேட்டு வெளியே சொல்கிறேனாம். அட கர்மமே, எனக்கு எதுக்கு அவர் நெல்லு? ஒருநாள் நேரிலேயே வந்து கத்தினார்: "ஏம்மா, கவர்மெண்டு உனக்குச் சம்பளம் குடுக்கறது லைன் போடறதுக்கா, ஊர்வம்பு கேக்கறதுக்கா?"

பெட்டி வந்தது

எண்பதுகளின் கடைசியில் எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பீரோ மாதிரி ஒரு பெட்டி. அதற்குத் தூசி ஆகாதென்று என்னைச் செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். பிறகு என்னையே பக்கத்து அறைக்குத் தள்ளி, புது கனெக்‌ஷனுக்கு மனு வாங்கும் வேலையைக் கொடுத்தார்கள். கோதண்டம் ஊருக்கே லட்டு கொடுத்தார். என் கையிலும் ஒன்றை வைத்துவிட்டு, கூட வந்தவரிடம் சொன்னார்: "இனிமே நம்பர நாமளே நேரா சுத்திக்கலாம். இந்தப் பொம்பள தயவு இன்னாத்துக்குபா?"

மத்தியானம்

அறுப்புச் சமயம். மில்லில் நின்றுகொண்டிருந்த கோதண்டத்துக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி சரோஜா டாக்டர் நம்பரைச் சுற்றினாள். மணி அடித்தது. குளிக்கிறாரோ, தூங்குகிறாரோ என்று மறுபடி மறுபடி சுற்றியிருக்கிறாள். டாக்டரோ பழக்கதோஷத்தில் காலையிலேயே என் ஜன்னலோரம் ஸ்கூட்டரை நிறுத்தி, "குருவிநத்தம் வரைக்கும் போறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து ஊர்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கடைசியில் டாக்சி வைத்துப் பாண்டிக்குக் கொண்டு போனார்கள். அரியாங்குப்பம் போவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து சரோஜா என்னிடம் வந்தாள். அன்றைக்கு டாக்டர் எங்கே போயிருந்தார் என்று கேட்டாள். மறைக்க மனசு வரவில்லை, சொன்னேன். அவள் அழக்கூட இல்லை. "மணி அடிச்சா ஆளு இருக்காருன்னுதானேக்கா அர்த்தம்? நீ இருந்தப்ப அப்படித்தானே இருந்திச்சி?"

அந்தப் பெட்டியை ஒரு குற்றமும் சொல்ல முடியாது: அது யார் பேச்சையும் ஒட்டுக் கேட்பதில்லை, சரோஜா சுற்றிய நம்பரையும் ஒருமுறைகூடத் தப்பாகப் போடவில்லை.