சூடான இன்ஜினுக்கு மட்டும் டாக்டர்

எங்கள் சித்தப்பாவைத் தெருவில் இன்ஜின் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேர் கேலியாகச் சொல்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. யாராவது பழைய கார் வாங்கப் போனால் இவரையும் அழைத்துப் போவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

உண்மையில் அவர் பேருந்துப் பணிமனை ஒன்றில் கேட் திறந்து மூடிக் காலம் தள்ளியவர். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. உள்ளே நுழைகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைப்பு. அவருடைய முதல் சட்டமும் அங்கே பிறந்ததுதான்: "குளிர்ந்த இன்ஜின் பொய் பேசும். நல்லா ஓட விட்டு, சூடானப்புறம்தான் கேட்கணும்." ஓடிக் களைத்து வந்த வண்டிகளையே பார்த்தவருக்கு வேறென்ன தெரியும்?

அக்கா செகண்ட் ஹாண்ட் டீசல் கார் வாங்கியபோதும் அவர்தான் போய்ப் பார்த்தார். விற்றவன் கெட்டிக்காரன். இவர்கள் போவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தான். அதற்காகச் சித்தப்பா அவனைப் பாராட்டினார். "வண்டி தெரிஞ்ச ஆளு" என்றார். காதில் வைத்தார், கண்ணை மூடினார், "தங்கம்" என்றார்.

அந்தத் தங்கம் மறுநாள் காலை லேசில் ஸ்டார்ட் ஆகவில்லை. இழுத்து இழுத்து, வெள்ளைப் புகையைக் கக்கி, குலுங்கிக்கொண்டு ஒருவழியாகப் பிடித்தது. அதன் பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. அடுத்த காலையிலும் அதே கதை.

ஒரு மருத்துவமனையின் காலை ஷிப்ட் நர்ஸ்களை வீட்டிலிருந்து கூட்டிப்போகும் வேலை அக்காவுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தொடக்கம். அதை நம்பித்தான் துணிக்கடை வேலையை விட்டிருந்தாள். முதல் நாளே வண்டி போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

ஞாயிறு காலை சித்தப்பா வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் டீசலைக் குறை சொன்னார், பிறகு அக்காவின் காலை.

"பொம்பள கால் ஆக்சிலேட்டர்ல பதமா விழாதும்மா. அதான் புகை."

"மத்தியானம் மட்டும் பதமா விழுதா சித்தப்பா?"

"அப்ப டீசல் பம்ப்புதான். கழட்டிட வேண்டியதுதான். முதல்ல தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க, சூடாகட்டும், நான் கேட்டுச் சொல்றேன்."

தள்ளுவதற்கு என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வேலை தேடிக்கொண்டிருப்பதால் தள்ளுவதற்கு எப்போதும் கிடைப்பேன்.

அக்கா சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "யாரும் தொடாதீங்க. குளிர்ந்தே கிடக்கட்டும். வியாதி காலையிலதான் வருது. சூடாக்கிட்டுப் பார்த்தா என்ன தெரியும்?"

"நான் பார்க்காத இன்ஜினா?"

"நீங்க பார்த்த லட்சணம்தான் வாசல்ல நிக்குதே."

அவள் சொல்லிவைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் போனில் யாரோடோ சண்டை போட்டபடியே வந்து, சண்டை போட்டபடியே வேலை பார்த்தார். டீசல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதை உள்ளே சூடேற்றித்தர, சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் உண்டு. அவற்றின் வயரைக் கழற்றி, சோதனை விளக்கை ஒவ்வொன்றிலும் வைத்தார். நான்கில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது.

"மூணு செத்துப்போச்சு. ரேடியேட்டர்ல தண்ணி குறையல, இன்ஜின்ல வேற கோளாறு இல்ல. நாலையும் மாத்திடலாம்" என்றவர், போனில் "உன்னச் சொல்லலடா" என்றார்.

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் சித்தப்பா.

இவர்மீது எனக்கு இவ்வளவு இளக்காரம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதுண்டு. வாங்கிய பட்டத்திலிருந்தா? பத்தாவதோடு நின்ற அக்காவிடம் அது என்னைவிடக் கூடுதலாக இருக்கிறதே. கேட் திறப்பது நல்ல வேலைதான். 'தெரியாது' என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் திறப்பதில்லை.

திங்கள் விடியலில் அக்கா சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பிடித்தது, புகை இல்லை. சித்தப்பா முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"முதல் ட்ரிப்பு. நான் கூட வந்தாத்தான் சத்தம் எப்படின்னு சொல்ல முடியும்."

"அது நர்ஸ் உட்கார்ற சீட்டு சித்தப்பா. இறங்குங்க."

இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். "பம்ப்பக் கழட்டாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று அவரிடம் ஆரம்பித்தார். மீதியைக் கேட்க அக்கா நிற்கவில்லை. அடுத்த தெருமுனையில் முதல் நர்ஸ் காத்திருந்தாள்.