செண்டைக்குப் பின்வரிசையில் ஓர் ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே காலுக்குத் திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து காலையிலேயே கிளம்பியிருந்தேன். கேரளத்தின் தொழில்முறைக் கால்பந்து ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மலையாளம் தெரியாது.

பாளையம் மைதானம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். "களி காணான் மாத்ரமா தமிழ்நாட்டுலேந்து வந்நது?" என்று சிரித்தார் ஓட்டுநர்; ஆட்டம் பார்க்க மட்டுமா வந்தேன் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். கேலரி டிக்கெட் நூற்றைம்பது.

ஐந்தரைக்கு இடம் பிடித்தேன். சுற்றிலும் உள்ளூர் அணியின் நீலச் சட்டைகள். எனக்கு முன்வரிசையில் ஒருவர் செண்டை மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நான் வீட்டுக்குப் போன் பேசி முடித்ததும் பக்கத்து இருக்கைக்காரர், "தமிழா சார்?" என்றார். ஐம்பது வயதிருக்கும். பெயர் செல்லத்துரை. போனக்காடு தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"அடிக்கடி வருவீங்களோ?"

"இல்ல சார். இதாக்கும் முதல் தடவ."

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரணி மலபார்ப் பக்கத்திலிருந்து வந்தது, சிவப்புச் சட்டை. கேலரி முழுவதும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. என்ன பாடுகிறார்கள் என்று செல்லத்துரையிடம் கேட்டேன்.

"செவப்புல அஞ்சாம் நம்பர் இருக்கானில்லா, அவனுக்குக் காலுக்குப் பதிலா தடியாம். ஓடச் சொன்னா நட்டுக்கிட்டு நிப்பானாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முப்பதாவது நிமிடம். நீல அணி இடப்பக்கத்திலிருந்து தூக்கி அடித்த பந்தை வெளியே தள்ளப் பார்த்தார் அந்த ஐந்தாம் எண்காரர். பந்து அவர் முழங்காலில் பட்டு அவருடைய அணியின் வலைக்குள்ளேயே போய்விட்டது. சேம்சைடு கோல். கேலரி எழும்பிக் குதித்தது. செண்டைக்காரர் திரும்பிச் செல்லத்துரையைக் கட்டிப்பிடித்தார். இவர் கைகளைத் தொங்கப் போட்டபடி நின்றார்.

"எந்து பற்றி, சேட்டா?" என்ன ஆயிற்று என்பதுபோல் செண்டைக்காரர் பிடியை விட்டு விலகிப் பார்த்தார்.

"அது என்ட பையன்" என்றார் செல்லத்துரை.

பெற்ற பிள்ளையைப் பற்றிய கேலியை ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

செண்டைக்காரர் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரியாமல் போயிற்றே என்பதுபோல் தலையசைத்தார். "அறிஞ்ஞில்ல சேட்டா. மோன்ட பேரு?"

"வினு."

இடைவேளைக்குப் பிறகு செண்டை மறுபடி முழங்கியது. அந்தப் பாட்டு மட்டும் எங்கள் பகுதியில் எழவில்லை. எழுபதாவது நிமிடம் நீல அணிக்காரர் ஒருவர் தனியாகப் பந்தோடு கோலை நோக்கி ஓடினார். பின்னாலிருந்து விரட்டி வந்த ஐந்தாம் எண் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தார். கேலரி "ச்சே!" என்றது. செண்டைக்காரர் மட்டும், தன் அணிக்கு எதிராக, "வினூ!" என்று கத்தினார். செல்லத்துரை கைதட்டினார், அன்று முதல் தடவையாக.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நீல அணி வென்றது. ஆட்டக்காரர்கள் வெளியே போகும்போது வினு தரையைப் பார்த்தபடி எங்கள் பக்கமாக வந்தார். செல்லத்துரை என் தோளைப் பிடித்து இருக்கைமேல் ஏறினார்.

"லேய் வினு! தலைய நிமித்துல! அப்பா வந்திருக்கேன்!"

பையன் நிமிர்ந்தார். நீலச் சட்டைகளுக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்ததும் அவர் முகம் மாறியதை நானும் பார்த்தேன்.

எட்டரை மணிக்குச் செல்லத்துரையை நெடுமங்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். எங்கள் ஊர் மைதானத்தில் வெளியூர் ஆட்டக்காரர்களை நம்பர் சொல்லி எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.