டாலி ஆகாத ஆமைகள்

இந்து மகா சமுத்திரத்தில் எந்தத் திமிங்கலமும் ஏகாம்பரத்துக்குத் தெரியாமல் மூச்சு விட்டதில்லை. ஆப்பிரிக்கக் கரையோரம் ஒன்று வாலைத் தூக்கினால், டில்லி கிட்வாய் நகரில் அவர் வீட்டுத் தம்ளரில் காபி தளும்பும். பிரசவத்துக்குப் போகும் திமிங்கலங்கள் அவரிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகும். கடலை முழுசாக அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவரே. இரண்டாவது ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அந்த மகானுபாவர் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிதில், மெரினாவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மற்றபடி பிறந்தது தர்மபுரிப் பக்கம், அங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தாலே திருவிழா. பிழைக்க வந்தது டில்லி, இங்கிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடல் வராது. சர்க்கார் இவரைத்தான் தேடிப் பிடித்து, மீன், ஆமை, திமிங்கலம் இவற்றின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் உட்கார வைத்திருந்தது.

அவருடைய ஒரே மகள் விஜிக்கு இதைவிடப் பெரிய தமாஷ் வேறு கிடையாது. பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, டைப்ரைட்டிங் கிளாஸ் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட்டில் திரிகிறவள். ஒருநாள் வீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினாள்: "திமிங்கலங்கள் இங்கே பெயர் பதிவு செய்து கொள்ளவும். மதிய இடைவேளை உண்டு." மாடிப்படி ஏறி இறங்கிய அத்தனை பேரும் சிரித்தார்கள். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, "டால்பின்களும்" என்று அடியில் சேர்த்துவிட்டு உள்ளே போனார். இப்படி ஒரு ஆளை எப்படித்தான் கேலி செய்வது?

அவர் பிரிவின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். பார்லிமெண்டில் யாராவது எழுந்து, நம் கடலில் எத்தனை திமிங்கலம் என்று கேட்டுவைப்பார்கள். உடனே இங்கே போன வருஷத்து எண்ணை எடுப்பார்கள். அதோடு ஐந்து சதவிகிதம் கூட்டுவார்கள். பதில் தயார். குமாஸ்தாவுக்குக் கிடைப்பது போலவே திமிங்கலத்துக்கும் வருஷா வருஷம் இன்கிரிமெண்ட். ஏகாம்பரமும் பல வருஷம் வாய் பேசாமல் கூட்டியவர்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் அவருக்குப் பிடித்தது பைத்தியம்.

"பார்த்ததை எவன் வேணாலும் எண்ணுவான்மா. பார்க்காததை எண்ணுறதுதான் கணக்கு" என்றார் ஒருநாள் சாப்பாட்டின் நடுவில்.

"அரே வா! நானும் பரீட்சைல படிக்காததைத்தானே எழுதினேன்? ஏன் ஃபெயில் போட்டாங்க?"

"சொல்றதைக் கேளு. ரெண்டு பேரு தனித்தனியா நின்னு ஒரே நேரத்துல எண்ணுறாங்க. இவனுக்குப் பத்து, அவனுக்குப் பத்து. ஆனா ரெண்டு பேர் கண்ணுலயும் பொதுவாப் பட்டது அஞ்சுதான். அப்படின்னா என்ன? இவன் பார்த்ததுல பாதிதான் அவன் கண்ணுல பட்டிருக்கு. அப்போ தண்ணியில இருக்கறதுலயும் பாதிதான் அவன் கண்ணுல பட்டிருக்கும். அந்தப் பாதி பத்து. மொத்தம் இருபது."

விஜி விரல் மடக்கினாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே பதினஞ்சுதானே பார்த்தாங்க? மிச்சம் அஞ்சு எங்க?"

"அதுதான் யாருமே பார்க்காதது!" என்று ஏகாம்பரம் மோர்ச்சோற்றுக் கையைத் தூக்கினார், அந்த ஐந்தும் சமையலறையில் நீந்துவது போல.

அந்த வருஷம் கொச்சியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கப்பல் திமிங்கலம் எண்ணப் புறப்படுவதாக இருந்தது. அதில் ஆபீசுக்கு ஓர் இடம். அது ஏகாம்பரத்துக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கான்வாஸ் ஷூ வாங்கினார். கப்பல் ஆட்டம் பழக வேண்டுமென்று டி.டி.சி. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, வாரம் ஒரு சர்தார்ஜியின் மடியில் விழுந்தார். "கடல்ல விழுந்து வெச்சா எண்ணுறதுக்கு ஒண்ணு கூடும்" என்றாள் அவர் மனைவி செல்லம்மாள். விஜி இதை நடித்துக் காட்டாத வீடு அந்தப் பிளாக்கில் கிடையாது. ஆனால் அவர் முழங்காலில் அடிபட்டு வந்த அன்று மட்டும் அவள் நடிக்கவில்லை. அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

இடத்தைக் கொடுக்க வேண்டியவர் அண்டர் செக்ரெட்டரி கஸ்தூரிரங்கன். அவரிடமும் ஏகாம்பரம் அந்த இரண்டு பேர் கணக்கை விளக்கினார். "இதென்னய்யா செப்படி வித்தை மாதிரி இருக்கு? என் கண் முன்னாடி பண்ணிக் காட்டும். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஒரு சயன்டிஸ்டைப் போட்டுக்கறேன்" என்று அவர் சொல்லிவிட்டார்.

டில்லியில் திமிங்கலத்துக்கு எங்கே போவது? ஓக்லாவில் யமுனைக் கரையில் ஆமைகள் உண்டு. குளிர்காலத்தில் மணல்திட்டிலும் கற்களிலும் ஏறி, ரிட்டயர் ஆனவர்கள் மாதிரி வெயில் காயும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் தன் படையோடு அங்கே போய் இறங்கினார். எண்ணுவதற்கு இரண்டு பேர்: ஆடிட் ஆபீசில் தலை நரைத்த தஞ்சாவூர் ராமமூர்த்தி, ராணுவ அக்கவுண்ட்ஸில் இருக்கும் திருநெல்வேலி ஜோதிலிங்கம். மேற்பார்வைக்கு மடக்கு நாற்காலியில், கழுத்தில் மஃப்ளரோடு கஸ்தூரிரங்கன். புளியோதரைத் தூக்குக்குக் காவல் விஜி. அவள் துப்பட்டியை விரித்து, முகத்தை ஒரு வாரப் பத்திரிகையால் மூடிக்கொண்டு, "நான் தூங்கப்போறேன். ஆமை கடிச்சா மட்டும் எழுப்புங்க" என்று படுத்துவிட்டாள்.

ஆளுக்கு ஒரு காகிதம். அதில் ஆற்றின் படம். எங்கே ஆமை தெரிகிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி. ஒருவர் டீக்கடைப் பக்கம், ஒருவர் வேப்பமரத்துப் பக்கம். பேசக்கூடாது, ஒருவர் காகிதத்தை மற்றவர் பார்க்கக்கூடாது, விசில் ஊதியதும் நேரே ஏகாம்பரத்திடம் வர வேண்டும். மூன்று முறை சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள்.

விசில் ஊதியது. இருவரும் நேரே வரவில்லை. கடலை வண்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தோளோடு தோள் உரச, கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி வந்தார்கள்.

"ஓய் ஏகாம்பரம், ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார் ராமமூர்த்தி. "எனக்கும் பதினஞ்சு, இவருக்கும் பதினஞ்சு. குறிக்குக் குறி பக்கா டாலி!"

ஏகாம்பரத்தின் முகம் விழுந்தது. "எப்படி?"

"எப்படின்னா? ஒப்பிட்டுப் பார்த்தோம். இத்தனை வருஷ சர்வீஸ்ல டாலி ஆகாத காகிதத்தை ஆபீசர் கையில குடுத்ததே கிடையாது, தெரியுமோ?"

"எனக்குத்தான் கொஞ்சம் இடிச்சுது. அண்ணாச்சி காகிதத்தைப் பார்த்துச் சரி பண்ணிக்கிட்டேன்" என்றார் ஜோதிலிங்கம் அடக்கமாக.

ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பது சின்னப் புத்தகத்தின் ஒரே ரகசியம். ஆனால் டாலி ஆகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராத இரண்டு குமாஸ்தாக்களிடம் போய் அதை ஒப்படைத்தால்? பூனைகளிடம் பால் ருசி பார்க்கச் சொல்லி, மிச்சத்தை அளக்கப்போன கதைதான்.

கஸ்தூரிரங்கனோ துள்ளினார். "பேஷ்! ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்! அப்போ ஒண்ணுகூட விட்டுப்போகலை. உம்ம மெத்தட் பிரமாதம். நாளைக்கே உம்ம பேரை மேலே அனுப்பிடறேன்."

கப்பல் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு புளியோதரை சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. அரைக் கிலோ புத்தி உள்ள எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். பத்திரிகைக்கு அடியில் விஜி காத்திருந்தாள்.

"இல்லைங்க சார். இது செல்லாது" என்றார் ஏகாம்பரம்.

"என்னய்யா?"

"ரெண்டு பேரும் தனித்தனியாப் பார்த்தாத்தான் சார் கணக்கு. இது ஒருத்தர் பார்த்ததுதான், ரெண்டு காகிதத்துல. மறுபடி ஒருவாட்டி..."

மறுபடி எங்கே? அதற்குள் யாரோ எருமைகளை ஆற்றில் இறக்கிவிட்டார்கள். திட்டிலிருந்த ஆமைகள் தொப் தொப்பென்று தண்ணீருக்குள் போய்விட்டன.

"டாலி ஆகலேன்னா செல்லாதும்பா, கேட்டிருக்கேன். டாலி ஆனதாலேயே செல்லாதுன்னு சொல்ற முதல் மனுஷன் நீர்தான்" என்று கஸ்தூரிரங்கன் எழுந்து நாற்காலியை மடக்கினார். "வேண்டாம்யா. நான் சயன்டிஸ்டையே பார்த்துக்கறேன்."

ஏகாம்பரம் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலில் புதுக் கான்வாஸ் ஷூ. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் விஜி வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"பதினஞ்சாம்!" என்றாள் பத்திரிகையைப் பார்த்து. "செங்கல் குவியல்கிட்ட ஜோடியா உட்கார்ந்திருந்ததுங்க எந்தக் கணக்குல வந்துச்சாம்?"

ஏகாம்பரம் திரும்பினார். "நீ எண்ணினியா?"

"நான் எதுக்கு எண்ணுறேன்? விசில் ஊதுற வரைக்கும் பத்திரிகை இடுக்கால பார்த்து சும்மா பேர் வெச்சுக்கிட்டிருந்தேன், போர் அடிச்சுது. பதினாறுக்கும்."

"யார் கூடவாவது பேசினியா? இவங்க காகிதத்தைப் பார்த்தியா?"

"இவங்க காகிதத்தைப் பார்க்கறதுக்கு நான் என்ன லூசா?"

ஏகாம்பரம் அப்படியே மண்ணில் மண்டியிட்டு, வெறும் காகிதம் ஒன்றைத் துப்பட்டியில் விரித்தார். "ஒண்ணொண்ணாச் சொல்லும்மா. எது எங்கே இருந்துச்சு?"

மாட்டிக்கொண்டாள். இடத்தைச் சொன்னால் பெயரும் சேர்ந்தே வந்தது. மணல்திட்டு ஓரத்தில் கழுத்தை நீட்டி அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்த்தது எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமி. அதன் முதுகில் ஏற மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் சறுக்கியது ராமமூர்த்தி மாமா. செங்கல் குவியலுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த ஜோடி மேல்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி. இப்படியே கிட்வாய் நகர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் தனிக் கல்லின் மேல் இருந்ததற்கு மட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, சட்டென்று அடுத்ததற்குப் போனாள்.

"இங்க சேத்துல பாதி புதைஞ்சு ஒண்ணு. வெயிலைப் பூரா தானே பிடிச்சுக்கிட்டு, அசையவே இல்ல."

"அதுக்கு என்ன பேர் வெச்சே?" கேட்டது கஸ்தூரிரங்கன்.

விஜி மஃப்ளரைப் பார்த்தாள். "ஆபீசர், அங்கிள்."

"எந்த ஆபீசர்?"

"பொதுவா... ஆபீசர்."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். கப்பல் கொச்சியை விட்டுப் புறப்படும் முன்பே மூழ்கிக்கொண்டிருந்தது.

"பெருசா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"இருந்ததுலயே அதான் பெருசு, அங்கிள்."

"அச்சா" என்று அவர் நாற்காலியைத் திரும்ப விரித்து உட்கார்ந்தார். "மேலே சொல்லு."

பதினாறும் படத்தில் ஏறின. ராமமூர்த்தியின் குறிகளோடு வைத்துப் பார்த்தபோது பன்னிரண்டு பொருந்தின. நான்கு பொருந்தவில்லை.

"ஏட்டி, செங்கல்கிட்ட உள்ள அந்த ரெண்டையும் நான் பார்த்தேம்லா!" என்று ஜோதிலிங்கம் கத்தினார். "அண்ணாச்சிகிட்ட இல்லேன்னுதான அடிச்சுப் போட்டேன்!"

"டாலிக்காக ரெண்டு உசிருள்ள ஆமையை அடிச்சுட்டீரா?" என்றார் கஸ்தூரிரங்கன். ராமமூர்த்தி கடலை வண்டியைப் பார்த்தார்.

ஏகாம்பரம் குறிகளை விரலால் தொட்டுக் காட்டினார். "விஜி பார்த்த பதினாறுல ராமமூர்த்தி கண்ணுல பட்டது பன்னிரண்டு சார். முக்கால் பங்கு. அப்போ ஆத்துல இருக்கறதுலயும் அவர் பார்த்தது முக்கால் பங்குதான். அது பதினஞ்சு. மொத்தம் இருபது."

"ரெண்டு பேரும் பார்த்ததைச் சேர்த்தா பத்தொன்பதுதானேய்யா வரது?"

"மிச்சம் ஒண்ணு யார் கண்ணுலயும் படாதது சார்."

கஸ்தூரிரங்கன் எருமைகளுக்கு நடுவே தண்ணீரை எட்டிப் பார்த்தார். "ஆத்துலயே ஒண்ணுன்னா, கடல்ல?"

"அதுக்குத்தான் சார் போகணும்ங்கிறேன்."

"நாளைக்கு நோட் போட்டுக் கொண்டுவாரும், கையெழுத்துப் போடறேன்." மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "ஆமைக்கு வெச்ச பேரெல்லாம் அதுல வரப்படாது."

அவர் கார் கிளம்பியதும், மற்ற இருவரும் யார் மேல் தப்பு என்று டீக்கடையில் சண்டை போடப் போனார்கள். அதில் மட்டும் அவர்களுக்கு டாலி ஆகவில்லை. ஏகாம்பரம் துப்பட்டியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, ஷூவில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டினார்.

"பதினாறுக்கும் பேர் வெச்சேன்னு சொன்னே."

"ம்."

"நான் எண்ணிக்கிட்டே வந்தேன். பதினஞ்சு பேர்தான் சொன்னே."

விஜி தூக்கின் மூடியோடு மல்லுக்கட்டினாள். "ஒண்ணு மறந்துபோச்சு."

"நடு ஆத்துக் கல்லு மேல இருந்தது. எருமை வந்தப்போ மத்ததெல்லாம் குதிச்சு ஓடுச்சு. அது மட்டும் கழுத்தைத் தூக்கிக்கிட்டு, தண்ணி போற பக்கமே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. நானும் பார்த்தேன்."

"பஸ் கரோ, போதும்பா. புளியோதரை ஆறுது."

"அது காலையிலயே ஆறினதுதான்" என்றார் ஏகாம்பரம். "அதுக்கு என்னம்மா பேர் வெச்சே?"