ஊட்டுக்கு ஒரு கை

ராசிபுரத்து நெசவாளர் தெருவில் முத்தாயம்மாளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பெற்றவர்கள் வைத்தது. மற்றொன்று தெரு வைத்தது: வீம்புக்காரி. இரண்டாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள். அதில் அவளுக்குக் கூச்சம் ஏதும் இருந்ததில்லை.

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ராட்டைதான் அவளுக்குத் துணை. கணவன் கந்தவேல் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால், அவன் குறுக்கே எறியும் நாடாவுக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழலில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. அந்தத் தெருவில் ஒரு பெண் குழந்தை வளர்ந்து, இழை அறாமல் நூல் பிடிக்கக் கற்றுக்கொண்டால் தாய்க்காரியின் முதுகு சற்று நிமிரும். முத்தாயம்மாளின் முதுகு நிமிரவில்லை. அவள் தன் ஒரே மகள் தெய்வநாயகியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். மகள் சுற்ற வேண்டிய தாரையும் சேர்த்துத் தானே சுற்றினாள். விரல் இடுக்குகளில் நூல் அறுத்த கோடுகள் ஆறுவதற்குள் புதுக் கோடுகள் விழுந்தன.

"உம் மவ படிச்சுப்போட்டுக் கலெக்டரு ஊட்டுக்கே பாவு போடப் போறாளாக்கும்" என்று அடுத்த வீட்டுப் பழனியம்மாள் கேலி பேசுவாள்.

"கலெக்டரும் துணி கட்டித்தான புள்ள வெளிய வாராரு" என்று சொல்லிவிட்டு முத்தாயம்மாள் ராட்டையைச் சுற்றுவாள்.

தெருக்கோடியில் இருந்த ஓட்டுக் கட்டடம்தான் பள்ளிக்கூடம். அதைக் கட்டியவரும் மேனேஜரும் தங்கசாமி முதலாளி. தெருவில் முக்கால்வாசித் தறிகளுக்கு நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் கொடுப்பவரும் அவரே. கஞ்சி ஊற்றும் கை எதுவோ, அதுவே மணியும் அடித்தது. அங்கே அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

மேட்டூரில் அணை கட்டி முடித்து, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. முத்தாயம்மாளின் அக்கா சாலம்மாள், புருஷனோடு தேயிலைத் தோட்டத்துக்கென்று கண்டிச் சீமைக்குக் கப்பலேறிப் போனவள். உயிரோடு இருக்கிறாளா, மண்ணுக்குள் போனாளா, ஒரு சேதியும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் முத்தாயம்மாள் அவள் பேரைச் சொல்லி ஒரு விளக்கைக் கிழக்குப் பார்த்து ஏற்றி வைப்பாள். கடல் கிழக்கே இருக்கிறது, கப்பல் கடலில் போகிறது. ஆகவே அக்காவும் கிழக்கேதான் என்பது அவள் கணிப்பு.

அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, கண்டி அந்தப் பக்கம் இல்லியாமா. தெக்கால இருக்குதாம்."

"ஆரு சாமி சொன்னது?"

"பசங்களுக்குப் பூகோளம் நடந்துச்சு. சன்னல் வழியாக் காதுல வுழுந்துச்சு. அதுக்கப்பறம் என்ன சொன்னாருன்னு தெரியலம்மா. புள்ளைங்க ஊசியப் பாக்காம சன்னலப் பாக்குதுங்கன்னு வாத்தியாரு கதவச் சாத்திப்புட்டாரு."

இத்தனை வருஷமும் முத்தாயம்மாள் தன் அக்கா இல்லாத திசையைப் பார்த்து அல்லவா கும்பிட்டிருக்கிறாள். விளக்கைத் தெற்கே திருப்பி வைத்துவிட்டு, மகளை மடியில் இழுத்து உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். காலையில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளேதான் உட்காருகிறார்கள். வாசிப்பு உண்டு, மனப்பாடப் பாட்டு உண்டு, வாய்ப்பாடு உண்டு. நகம் வெட்ட வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சுகாதாரப் பாடமும் உண்டு. மத்தியான மணி அடித்தால்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. பையன்கள் உள்ளே மனக்கணக்குப் போடுகிறார்கள், பூகோளப் படம் பார்க்கிறார்கள், சரித்திரம் கேட்கிறார்கள், கொல்லையில் கத்தரிச் செடி நட்டு இலையும் பூவும் படிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் வெளித் தாழ்வாரத்தில் துணியின் ஓரம் மடித்துத் தைக்கிறார்கள். சாயங்காலம் வரை அதே மடிப்பு, அதே ஊசி.

"நூலுக்குப் பயந்துதான் உன்ன அங்க அனுப்புனேன். அங்கயும் நூலா?" என்றாள் முத்தாயம்மாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியார் சுப்பையன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்; நல்ல மனிதர், பயந்த மனிதர். பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தர வேண்டும் என்பது சட்டம் என்றும், அதைத் தினமும் மத்தியானத்தில் வைக்கச் சொன்னது மேனேஜர் என்றும் சொன்னார். நூல் வேலை பெண்களுக்கு உரியதுதானே அம்மா என்றும் கேட்டு வைத்தார். எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஆம்பிளைகளும்தான் நூலுக்குள் கிடக்கிறார்கள் என்றாள் அவள். முதலாளியைப் பாருங்கள் என்றார் வாத்தியார்.

முதலாளியையும் பார்த்தாள். அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பூகோளம் படிச்சு உம் மவ கப்பலா ஓட்டப் போறா?"

"கப்பல்ல ஏறிப் போனவ எங்கக்காளுங்க. ஓட்டறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும்னுதான் ஏறுனா. இன்னவரைக்கும் வரலீங்க."

சிரிப்பு நின்றது. ஆனால் உத்தரவு மாறவில்லை.

தெருவில் பாவு நீட்டும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. கஞ்சி தோய்த்த பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்க வீட்டுக்கு ஒரு கை வர வேண்டும். மகன் வரமுடியாவிட்டால் அப்பன் வரலாம். மருமகள் வரமுடியாவிட்டால் மாமியார் வரலாம். எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் மத்தியானம் மணி அடித்ததும், முத்தாயம்மாள் பள்ளித் தாழ்வாரத்தில் ஏறி, மகள் கையிலிருந்த ஊசியையும் துணியையும் வாங்கிக்கொண்டு, மகளின் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?" என்று வாத்தியார் பதறினார்.

"ஊட்டுக்கு ஒரு கைங்க, வாத்தியாருங்களே. எம் மவ தைக்க வேண்டியத நாந் தெச்சுத் தாரேன். நீங்க அவள உள்ள உக்கார வெய்ங்க. அவ படிக்க வேண்டியத நா படிக்க முடியாது பாருங்க."

சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று சுப்பையனுக்குத் தெரியவில்லை. தெய்வநாயகி உள்ளே போய்ப் பையன்களின் பாயில் ஒரு மூலையில் ஒண்டினாள். வாத்தியார் அவளைப் பார்க்காதது போலப் பாடத்தைத் தொடர்ந்தார். பயந்த மனிதர் செய்யக்கூடிய வீரம் அவ்வளவுதான். அதை அவர் செய்தார்.

செய்தி முதலாளிக்குப் போன வேகத்தில் அவர் பதிலும் வந்தது. கந்தவேலின் தறியில் பாவு தீர்ந்தபோது புதுப் பாவு கிடைக்கவில்லை. ராசிபுரத்தில் ஒரு தறி சும்மா கிடப்பது வீட்டில் பிணம் கிடப்பது மாதிரி. அடுப்பு ஒரு வேளையாகச் சுருங்கியது. கந்தவேல் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான். போய் முதலாளி காலில் விழுந்துவிட்டு வா, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றான். தப்பு என்று தோன்றியிருந்தால் யாரும் சொல்லாமலே போயிருப்பேன் என்றாள் அவள். சொல்லிவிட்டு வழக்கம் போல மத்தியானம் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

அவளை மயிரைப் பிடித்து இழுத்து வருவதாகச் சபதம் போட்டுக்கொண்டு கந்தவேல் பின்னாலேயே போனான். பள்ளிக்கூடத்துச் சன்னலருகே அவன் கால் நின்றுவிட்டது. உள்ளே கரும்பலகை முன்னால் அவன் மகள் நின்றிருந்தாள். எட்டாத உயரத்துக்குக் குதிகாலைத் தூக்கி, சுண்ணாம்புக்கட்டியால் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மீதி எவ்வளவு என்று வாத்தியார் கேட்டார். அவள் குரல் கணீரென்று பதில் சொன்னது. அந்தக் குரல் வீட்டில் இதுவரை கேட்காத குரல். தன் வீட்டில் இப்படி ஒன்று இருந்ததா? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஏறினான். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கும் ஒரு ஊசி குடு புள்ள. தறியில்லாத கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

தெரு வாயைப் பிளந்தது. முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி யோசித்தது. யோசித்தவர்களில் முதலாவதாக எழுந்து வந்தவள் பழனியம்மாள். அவள் பேத்தி சென்னியம்மாளும் தாழ்வாரத்தில்தான் இருந்தாள். "தள்ளி உக்காரு வீம்புக்காரி" என்று சொல்லிப் பேத்தியின் ஊசியை வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு தாய், ஒரு தாய்க்கு ஒரு ஊசி. உள்ளே பாய் போதாமல் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

யாரும் வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் தாய்மார்கள் மத்தியானமெல்லாம் பள்ளியில் உட்கார்ந்தால் தார் யார் சுற்றுவது? தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. முதலாளியின் சரக்கு சேலத்துக்குப் போகாமல் பாதியில் நின்றது.

தங்கசாமி குடையை ஊன்றிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தார்.

"இது பள்ளிக்கூடமா, சந்தைப்பேட்டையா?"

"சட்டப்படி தெக்கறமுங்க முதலாளி" என்றாள் பழனியம்மாள், நூலைப் பல்லால் கடித்தபடியே.

அவர் கோபப்படலாம், ஆனால் கோபம் தார் சுற்றாது. கடைசியில் வாத்தியாரைக் கூப்பிட்டு, பெண்பிள்ளைகள் எல்லாப் பாடத்துக்கும் உள்ளேயே இருக்கட்டும் என்றும், தையலை வாரத்தில் ஒரு மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அப்புறம் முத்தாயம்மாள் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும் அவள் மன்னிப்புக் கேட்டால் கந்தவேலுக்கு நாளைக்கே பாவு கிடைக்கும் என்றார்.

முத்தாயம்மாள் கணவனைப் பார்த்தாள். கந்தவேல் கையிலிருந்த மடிப்பைத் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. வேண்டாம் என்பது போல அந்தத் தலை ஒரு முறை ஆடியது.

"பாவு வேண்டாமுங்க" என்றாள் அவள்.

அதற்கப்புறம் கந்தவேல், முதலாளியிடம் பாவு வாங்காத வேறொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தான். சொந்தத் தறிக்குழியைப் பலகை போட்டு மூடினார்கள். முத்தாயம்மாள் ஊரார் தாரைக் கூலிக்குச் சுற்றினாள். முன்னைவிடக் குறைந்த சோறு, முன்னைவிட அதிக வேலை. வீம்புக்காரி என்று கூப்பிட்டால் முன் போலவே திரும்பிப் பார்த்தாள்.

பெண்பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்த முதல் வாரத்திலேயே தெய்வநாயகி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். வலது உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது. பெருக்கலில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டாள். வாத்தியார் பையன்களுக்குக் கொடுப்பது போலவே அவளுக்கும் பிரம்பால் ஓர் அடி கொடுத்திருந்தார்.

முத்தாயம்மாள் ராட்டையை நிறுத்தினாள். மகளின் கையை விரித்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தடவினாள்.

"எதுக்கு அடிச்சாரு?"

"கணக்குத் தப்பாப் போச்சும்மா."

"கணக்குக்குத்தானே?"

மகள் தேம்பிக்கொண்டே தலையாட்டினாள். முத்தாயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது. தடித்த அந்தச் சின்னக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சரியாப் போடு சாமி" என்றாள். "சிலேட்ட எடுத்துட்டு வா, இன்னொருக்காப் போட்டுப் பாரு. நா பாத்துக்கிட்டு இருக்கறேன்."