டம்ளர் டீ சிந்தாத படகு

திருத்தணி ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது காஞ்சனா அக்காவின் கணவர் போனில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க தம்பி." உடம்பு தேறுகிறது என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ரயில் வந்தது, நான் ஏறவில்லை.

காசிமேட்டில் நம் பட்டறைக்கு அக்காதான் தலைமைப் பொறியாளர். படகு, கப்பல்களின் புரொப்பெல்லர்களைச் சரிசெய்யும் வேலை. எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஊர், ஒரே ரயில். சில காலைகளில் அரக்கோணம் பக்கமிருந்து புரொப்பெல்லர் விமானம் ஒன்று தாழப் பறந்து வரும். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

"புரொப்பெல்லர் ரெக்கை எவ்ளோ ஒல்லி பாரு. காத்து லேசு, நீட்டமா இருந்து வேகமா சுத்தணும். தண்ணி கனம்பா. அகலமா, குட்டையா, மெதுவாத் தள்ளினாலே போதும்."

"நானும் இதைத்தான்க்கா படிச்சேன்."

"ஆங், படிச்ச. ஆனா விமானம் மாதிரிதான் சுத்தற. தண்ணிக்குள்ள அப்படிச் சுத்தினா நுரைதான் வரும், படகு நகராது."

ஒரு வருடம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் நாள். அந்தோணி அண்ணனின் படகு பாறையில் உரசி, புரொப்பெல்லரின் மூன்று இறக்கைகளில் ஒன்றின் முனை உடைந்திருந்தது. புதிது வர நாளாகும். முதல் வலைவீச்சு, அந்த முதல் பாடு தவறினால் அவருக்கு அந்த சீசனே போன மாதிரி. அக்கா மற்ற இரண்டின் முனையையும் அதே அளவுக்கு வெட்டச் சொன்னார்.

"உடைஞ்சது ஒண்ணு. நல்லா கீறதையும் ஏம்மா வெட்ற?" என்று அந்தோணி அண்ணன் கத்தினார்.

"ஒத்தைச் செருப்பைக் கழட்டிட்டு ஹார்பர் வரைக்கும் நடந்து பாருண்ணா, தெரியும்."

எனக்கும் ஒப்பவில்லை. "தள்ளற சக்தி குறையும்க்கா. எல்லாருக்கும் பின்னாடிதான் போவாரு."

"போவட்டும். ஆட்டத்தோட சுத்தினா ஷாப்ட்டு போயிடும், நடுக்கடல்ல நிப்பாரு. யாரு போய் இழுத்துகினு வர்றது, நீயா?"

வெட்டினோம், தேய்த்தோம், மூன்றும் சமமாகும்வரை மறுபடி தேய்த்தோம். மாட்டி முடித்து, படகைக் கயிற்றில் கட்டியபடியே எஞ்சினை ஓட்டினோம். புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாப்ட்டுக்கு மேலே இருந்த பலகையில் அக்கா ஒரு டம்ளர் டீயை வைத்தார். அது அவர் வழக்கம், பட்டறையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். டீ நடுங்கியது, சிந்தவில்லை. மற்ற படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"அதிர்வு மீட்டர்ல பாத்தாச்சுக்கா, போதும்."

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும். அவரு உன் மீட்டரை எடுத்துகினு போவல."

ஆர்.கே.பேட்டை சாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அந்தோணி அண்ணன் பஸ் மாறி வந்திருந்தார். மாலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கு நான்தான் கடைசியாப் போனேன்" என்றார். "ஆனா திரும்பி வந்துட்டேன்ல."

அக்காவிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் பட்டறையில் எல்லோரும் சிரிப்பீர்கள். அது எனக்கு வரவில்லை. ஆனால் இப்போதும் ஒவ்வொரு படகிலும் டம்ளரை வைக்கிறேன். படகு முதலாளி கத்துகிறார், நானும் பதிலுக்குக் கத்துகிறேன். டீ ஆடை கட்டி ஆறிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறேன்.